பதினோரு பள்ளிக்கு ஒரு முடிச்சுப் பலகை

போன மாதம் எங்கள் சாரணர் கழகத்தின் புதுச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது. பொத்தேரிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். கழகம் ஒரு மலர் போடுகிறதாம். அதில் கழகத்தின் வரலாறும் அமைப்பும் வர வேண்டுமாம்.

"மினிட் புக்கு இருக்குமே சார்" என்றேன்.

"மூணு புக்குதான் அண்ணே கெடச்சுது. மூணுலயும் யாருக்கு ஷால் போட்டாங்கன்னு மட்டும்தான் கீது. நீங்க ரொம்ப வருஷமா இருந்தவரு. எழுதிக் குடுங்க."

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வார்த்தை வராது. எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் ஒருவர். துணைத் தலைவர்கள் ஒன்பது பேர். தலைவராக ஆசைப்பட்டு ஆக முடியாமல் போனவர்களுக்கு அந்தப் பதவியைக் கொடுப்பது வழக்கம். கமிஷனர் ஒருவர், போலீஸ் கமிஷனர் இல்லை, சாரணர் கமிஷனர். அவருக்குக் கீழே துணைக் கமிஷனர்கள், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், பயிற்சியாளர்கள். எல்லாமே கௌரவப் பதவிகள். சம்பளத்துக்கு இருந்தவன் நான் ஒருவன்தான். கிடங்கைப் பார்த்துக்கொள்வது, கூடாரத்தைத் தைப்பது, கொடியை மடித்துக் கட்டுவது, டீ வாங்குவது எல்லாம் என் வேலை.

வரலாறு கொஞ்சம் சிக்கல். கழகத்தைத் தொடங்கியவர் எங்கள் தாத்தாதான் என்று செங்கல்பட்டில் மூன்று குடும்பங்கள் சொல்கின்றன. மூன்று தாத்தாக்களின் படங்களும் அலுவலகத்தில் இருந்தன. எந்தக் குடும்பத்து ஆள் வருகிறாரோ, அவருடைய தாத்தாவைச் சுவரில் மாட்டி, மற்ற இரண்டு பேரையும் பீரோவுக்குள் வைப்பேன். ஒரே நாளில் இரண்டு குடும்பமும் வந்தால் மட்டும் கஷ்டம்.

அண்மைக்கால வரலாறு என்றால் மாவட்டம் பிரிந்ததுதான். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபோது, கழகத்தின் பொருள்களையும் பாகம் பிரித்தார்கள். அதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள். கூடாரத் துணிகள் எங்களுக்கு என்றும் கழிகள் அவர்களுக்கு என்றும் தீர்மானம் ஆனது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் இரண்டு பக்கமும் கைதட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் இரண்டு மாவட்டத்திலும் கூடாரம் எழும்பவில்லை. அதனால் யாருக்கும் குறை வந்ததாகத் தெரியவில்லை.

நான் கழகத்துக்கு வந்தது முகாமுக்குத் தண்ணீர் தூக்க. எங்கள் வீட்டில் எல்லோரும் திருக்கழுக்குன்றம் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் முகாம் போட்டபோது, சமையல்காரருக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனார்கள். முகாம் முடிந்ததும் கிடங்குச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை. நான் வேலையில் சேர்ந்தது அப்படித்தான். முடிச்சுகளை, பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டேன்.

கமிஷனர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியார் பள்ளி ஒன்றின் தாளாளர். நல்ல உயரம். அகலத் தொப்பியைக் காருக்குள்ளும் கழற்ற மாட்டார், அதனால் கொஞ்சம் குனிந்தே உட்கார்ந்திருப்பார். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழுத்தில் தொங்கும் விசில்தான் கூப்பிடும். சாரணர் பயிற்சியில் விசிலுக்கு ஒரு மொழி உண்டு. நீளமாக ஒன்று அடித்தால், இருந்த இடத்தில் இருந்தபடி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்த விசில் வரும்வரை இமை மட்டும் அசையலாம். குட்டை குட்டையாக அடித்தால் ஓடிவந்து கூட வேண்டும். கமிஷனர் சார் இதில் சில சேர்க்கைகள் செய்திருந்தார். இரண்டு குட்டை, ஒரு நீளம் என்றால் டீ. அதையே தலைகீழாக அடித்தால் சர்க்கரை இல்லாத டீ.

விசில் அடித்து ஆள் வந்தது எங்கள் அலுவலகத்தில் மட்டும்தான். பள்ளிகளில் அவர் நீளமாக அடித்தால் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அதில் அவருக்கு உள்ளூர வருத்தம் உண்டு.

இனி அந்த ஆய்வு. மாவட்டம் பிரிவதற்கு முன்னால் நடந்தது.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாநிலத் தலைமையிலிருந்து ஒரு அதிகாரி வந்து ஒவ்வொரு பள்ளியின் படையையும் பார்ப்பார். கூடாரம், முதலுதவிப் பெட்டி, முடிச்சுப் பலகை இந்த மூன்றும் இருக்க வேண்டும். முடிச்சுப் பலகை என்றால், வெள்ளைப் பருத்திக் கயிற்றில் போட்ட பத்து முடிச்சுகளை ஒரு ஒட்டுப்பலகையில் வரிசையாகப் பதித்து, கீழே பெயர் எழுதி வைப்பது. அதிகாரி பார்த்த பலகையின் பின்பக்கம் கையெழுத்துப் போடுவார். குறை இருந்தால் 'தகுதி இல்லை' என்று எழுதுவார். அப்படி எழுதிவிட்டால் அந்தப் படையின் பதிவு போய்விடும். பதிவு போனால் அந்த ஆண்டு மாநில விருதுத் தேர்வுக்கு அங்கிருந்து யாரும் போக முடியாது. அந்தச் சான்றிதழுக்குக் காலேஜிலும் ரயில்வேயிலும் மதிப்பு உண்டு.

ஆய்வுக்கு ஒரு வாரம் முன்னால் டீ விசில் கேட்டுப் போனேன்.

"பன்னெண்டு ஸ்கூலு" என்றார் கமிஷனர் சார். "பலகை எத்தினி கீது?"

"ஒண்ணு சார்."

"இன்னாய்யா இது. மீதி?"

"கரையான் துன்னுடுச்சு சார். கவுறு கேட்டு மூணு வாட்டி எழுதிக் குடுத்தேனே."

"அது கமிட்டி பாத்துகினு கீது" என்றார். அப்புறம் டீயை முழுதும் குடித்துவிட்டு, "ஒரே நேரத்துல அவரு எத்தினி ஸ்கூல்ல இருப்பாரு?" என்று கேட்டார்.

"ஒண்ணுலதான் சார்."

"அப்ப ஒரு பலகை போதும்."

இப்படித்தான் திட்டம் ஆனது. கூடாரம், பெட்டி, பலகை மூன்றையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு நான் காருக்கு முன்னால் போக வேண்டும். அதிகாரி பொருள்களைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குச் சிற்றுண்டிக்குப் போனதும், நான் எல்லாவற்றையும் பிரித்து அடுத்த பள்ளிக்குக் கொண்டு போய் நிறுத்திவிட வேண்டும். ஷால் போட்டால் ஐந்து நிமிடம். தலைமையாசிரியர் பேசினால் பதினைந்து. கேசரி இருந்தால் இன்னும் பத்து. கேசரி கட்டாயம் என்று எல்லாப் பள்ளிக்கும் சுற்றறிக்கை போனது. கழகம் அனுப்பிய சுற்றறிக்கைகளில் எல்லோரும் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

பன்னிரண்டில் ஒரு பள்ளி மட்டும் எங்கள் பலகை வேண்டாம் என்றது. கல்பாக்கத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளி. அங்கே சாரணியர் படையை நடத்தியவர் ஷமீம் டீச்சர். கணவர் மருந்துக் கடை வைத்திருந்தார். சுற்றறிக்கையைக் கொடுக்கப் போனபோது டீச்சர் சொன்னார், "எங்களுக்கு வேணாம்ணே. புள்ளைங்களே செஞ்சிருக்குங்க. பன்னெண்டு பேரு இந்த வருஷம் விருதுக்குப் போறாங்க. ரெண்டு வருஷமா லீவு நாள்ல கூட வந்துகினு இருக்காங்க."

பலகையைக் காட்டினார். படகுக்காரர்கள் கட்டும் நீல நைலான் கயிறு. நான் எங்கள் பலகையில் முடிச்சுகளை ஆணி அடித்து, மேலே வார்னிஷும் பூசியிருந்தேன். உலகம் அழிந்தாலும் அது அவிழாது. இவர்களுடைய பலகையில் ஆணி இல்லை, சின்னச் சின்னக் குச்சிகள்தான். எந்த முடிச்சைக் கேட்டாலும் ஒரு பெண் வந்து அவிழ்த்து, மறுபடியும் போட்டுக் காட்டியது. கூடாரமும் பழைய தார்ப்பாய்தான். கூடாரக் கயிற்றைக் கட்ட அடிக்கும் முளை மணலில் நிற்காது என்பதால் சாக்கில் மணல் நிரப்பிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

ஆய்வு அதிகாரியின் பெயர் பரமசிவம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மெதுவாகப் பேசுவார், மெதுவாகச் சாப்பிடுவார். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். அவரைக் கூட்டிவந்தது கமிஷனர் சாரின் கார், அதை ஓட்டியவர் அந்தோணி, என் சிநேகிதர்.

"அண்ணாத்த, நீ பாட்டுக்குப் போய்கினே இரு" என்றார் அந்தோணி. "ரயில்வே கேட்டு தொறந்திருந்தாலும் நான் டயர்ல காத்து பாக்கறேன்."

முதல் பள்ளியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதிகாரி பலகையைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். அவர் கேசரிக்குப் போனதும், கையெழுத்தின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டினேன். இரண்டாவது பள்ளியில் அந்தக் காகிதத்தின் மேல் கையெழுத்து விழுந்தது. அதன் மேல் இன்னொரு காகிதம். மூன்றாவது பள்ளிக்குப் போகும் வழியில் தூறல். பலகையைத் திருப்பியதும் காகிதங்கள் இரண்டும் கழன்று அவர் செருப்பின் மேல் விழுந்தன.

அவர் தன் முதல் கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் கீழே குனிந்து, காகிதத்தில் இருந்த இரண்டாவதையும் பார்த்தார். என் காது இரண்டும் சுட்டன.

"எதுக்குப்பா பேப்பர வீணாக்கறே" என்றார். காகிதத்தில் இருந்த கையெழுத்தைப் பலகையில் ஒரு முறை எழுதி, அதற்குக் கீழே மூன்றாவது போட்டார். "எடம் நெறைய இருக்கே."

அதற்குப் பிறகு நான் ஒட்டவில்லை. மறைமலை நகர், சிங்கபெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று கையெழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கின. மூன்றாம் நாள் பதினோராவது பள்ளி மாமல்லபுரத்தில், கடற்கரைச் சாலையில். அது மணல் பூமி. விதிப்படி எட்டு முளைகளையும் அடித்துக் கூடாரத்தை நிறுத்தினேன். அதிகாரி உள்ளே தலையை விட்டதும் காற்று அடித்துக் கூடாரம் அவர் மேலேயே படுத்துக்கொண்டது. துணிக்குள்ளிருந்தே முளைகளை எண்ணச் சொன்னார். எட்டு இருந்தது. தகுதி உண்டு என்று எழுதினார்.

சாப்பிட்டுவிட்டு அதிகாரியும் கமிஷனர் சாரும் வேப்ப மரத்தடியில் காரின் மேல் சாய்ந்து நின்றார்கள். நான் மறுபக்கம் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார்கள். பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. அந்த மரியாதை எனக்கு எப்போதும் கிடைத்திருக்கிறது.

"எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதினா மேல நம்ப மாட்டாங்க" என்றார் அதிகாரி. "போன மாவட்டத்துல அப்படி எழுதி, திருப்பி அனுப்பிட்டாங்க. ஒண்ணாவது தகுதி இல்லைன்னு இருக்கணும்."

"கடைசி ஸ்கூலு ஒண்ணு கீது சார்" என்றார் கமிஷனர் சார். "சின்ன ஸ்கூலு. வந்து கேக்க ஆளு இல்ல."

அதிகாரி பல் குத்திக்கொண்டே தலையாட்டினார்.

கல்பாக்கம் சாலையில் மொபெட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது, ஷமீம் டீச்சரிடம் என்ன சொல்வது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். வண்டியில் தனியாக இருக்கும்போது நான் நன்றாகப் பேசுவேன். பள்ளிக்குப் போனதும் டீச்சர் டீ கொடுத்தார். அந்தப் பன்னிரண்டு பெண்களும் சட்டையைத் தேய்த்து, ஸ்கார்ஃபைச் சுருட்டிக் கட்டி, மணலில் கோடு போட்டு நின்றிருந்தார்கள்.

"இன்னாண்ணே, மொகமே சரியில்ல?" என்றார் டீச்சர்.

"வெயிலு டீச்சர்" என்றேன். டீயைக் குடித்தேன்.

கார் வந்தது. அதிகாரி இறங்கிக் கூடாரத்தைச் சுற்றி வந்தார்.

"முளை எங்க?"

"மணல்ல நிக்காது சார்" என்றார் டீச்சர். "மணல் மூட்டையப் பொதைச்சிருக்கோம். இழுத்துப் பாருங்க."

"இழுக்கறது இருக்கட்டும்மா. எட்டு முளைன்னு விதி." எழுதிக்கொண்டார். பலகைக்கு வந்தார். வரிசையின் முதலில் நின்ற பெண் ஒரு முடிச்சை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் போட்டது. இரண்டாவது பெண் இன்னொன்றை அவிழ்த்தது.

"ஒரு முடிச்சு அவுந்து கெடக்கு" என்று எழுதினார் அதிகாரி.

"இப்பத்தான் சார் அவுத்தா. போட்டுக் காட்டத்தான்."

"நான் பாக்கறப்ப அவுந்து இருக்கு. கயிறும் நீலம். மத்த பதினோரு ஸ்கூல்லயும் ஒரே மாதிரி வெள்ளக் கயிறு, ஒரே மாதிரி எழுத்து, ஒரே மாதிரி பலகை. இங்க மட்டும் வேற மாதிரி இருந்தா எப்படிம்மா?"

இரண்டாவது பெண்ணின் கையில் அவிழ்ந்த நீலக் கயிறு அப்படியே இருந்தது. அதிகாரி பேனாவைத் திருப்பி, கடைசிக் கட்டத்துக்குக் கொண்டு போனார்.

நான் எப்போது மொபெட்டிடம் போனேன் என்பது எனக்கு நினைவில்லை. அதில் கட்டியிருந்த எங்கள் பலகையை அவிழ்த்துக்கொண்டு வந்து, மணலில் குப்புற வைத்தேன். பதினோரு கையெழுத்தும் வானத்தைப் பார்த்தன.

கமிஷனர் சாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது அவர் கை எங்கே போகுமோ அங்கே போனது. விசிலை எடுத்து, நீளமாக ஒன்று அடித்தார்.

பன்னிரண்டு பெண்களும் நின்ற இடத்தில் கல்லானார்கள். கயிறு வைத்திருந்த கை கயிற்றோடு நின்றது. அவர் விசிலுக்கு ஒரு படை முழுதும் நின்றதை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்திருப்பார். அந்தோணிகூட கார்க் கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கடல் சத்தம் மட்டும் கேட்டது. என் குரல் சின்னது. வேறு எந்த இடத்திலும் அது யாருக்கும் கேட்டிருக்காது.

"சார்" என்றேன். "வெள்ளக் கவுறுதான் வேணும்னா, இந்தப் பலகையே இங்கயும் இருக்கட்டும் சார். பின்னால இன்னும் ஒரு கையெழுத்துக்கு எடம் கீது."

நான் குறும்பாகச் சொன்னேன் என்று பிறகு அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை. எனக்கு அந்த நேரத்தில் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஷமீம் டீச்சர் குனிந்து பலகையைப் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு அதிகாரியை நிமிர்ந்து பார்த்து, "எல்லாம் உங்க கையெழுத்தா சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி கேட்டார்.

அதிகாரி கமிஷனரைப் பார்த்தார். கமிஷனர் கடலைப் பார்த்தார். பெண்கள் பன்னிரண்டு பேரும் அசையாமல் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த விசில் அடித்தால்தான் அவர்கள் கண்ணைத் திருப்புவார்கள். கமிஷனர் சாருக்கு அடிக்க மூச்சு இல்லை.

வெகு நேரம் கழித்து அதிகாரி நீலக் கயிற்றுப் பலகையைத் திருப்பினார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். படிவத்தில் 'தகுதி உண்டு' என்று எழுதி, மை காய ஊதினார்.

"விசில அடிங்க சார்" என்றார் கமிஷனரிடம். "புள்ளைங்க பாக்குதுங்க."

அவர்கள் பன்னிரண்டு பேரும் அந்த ஆண்டு தேர்வுக்குப் போனார்கள். பத்துப் பேர் தேறினார்கள். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்ட பெண் தேறவில்லை என்று கேள்விப்பட்டேன். தேர்வில் கண்ணைத் திறந்து போட வேண்டுமாம்.

ஆனாலும் அறிக்கையில் ஒரு தகுதியின்மை வேண்டுமே. இரண்டு வாரத்தில் மேலிடத்துக் கடிதம் வந்தது. பன்னிரண்டு படைகளும் சிறப்பு. மாவட்டக் கிடங்கில் மட்டும் முடிச்சுப் பலகை ஒன்றே ஒன்று இருந்தது கண்டறியப்பட்டது, கிடங்குப் பொறுப்பாளர் விளக்கம் தர வேண்டும். எனக்கு மெமோ. ஷால் கணக்கை விட்டால், கழகத்தின் மினிட் புத்தகத்தில் என் பெயர் வரும் இடம் அது ஒன்றுதான். அந்தப் புத்தகம் கிடைத்தால் செயலாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

விளக்கத்தை நானே எழுதினேன். 'கயிறு கேட்டேன். கமிட்டி பரிசீலிப்பதாகச் சொன்னது. இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.' அப்போது என்னை நிரந்தரம் ஆக்கும் கோப்பு மேசையில் இருந்தது. விளக்கம் போனதும் அது பீரோவுக்குள், தாத்தாக்களோடு போய்விட்டது. நாலு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. கமிஷனர் சார் அதற்குப் பிறகும் எனக்கு விசில் அடித்தார், டீயும் குடித்தார், ஆனால் சர்க்கரை இல்லாத விசிலை மட்டும்தான் அடித்தார்.

அடுத்த ஆய்வுக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. சிறந்த படை ஒன்றைப் பின்பற்றி, இனி எல்லாப் பள்ளிகளிலும் முடிச்சுப் பலகை நீல நைலான் கயிற்றில் இருக்க வேண்டும். கிடங்கில் அதில் ஒன்று செய்து வைக்கும்படி என்னிடம் சொன்னார்கள். ஒன்று போதும் என்றார்கள்.

ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஷால் போட்டு, அந்தப் பழைய வெள்ளைக் கயிற்றுப் பலகைக்குக் கண்ணாடி போட்டு நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றி, பலகையைத் திருப்பி, பின்பக்கம் தெரியும்படி கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

மலருக்கு எழுதச் சொல்லிவிட்டு எழுந்த செயலாளர் அதைப் பார்த்து நின்றார். இப்போது அதிகாரிகள் யாரும் நேரில் வருவதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் பொருள்களைப் படம் எடுத்து இணையதளத்தில் ஏற்ற வேண்டும். போன ஆண்டு பல பள்ளிகளுக்கு ஒரே படம்தான் ஏறியது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கேசரிச் செலவும் இல்லை.

"அண்ணே, அதக் கொஞ்சம் முன்பக்கம் திருப்பி மாட்டுங்களேன்" என்று போனை எடுத்தார். "நல்ல பலகையா கீது. ஏழெட்டு ஸ்கூலு இன்னும் ஏத்தல, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

நான் திருப்பவில்லை.

"இப்பிடியே எடுத்துக்கோங்க சார்" என்றேன். "கையெழுத்தெல்லாம் போட்டு ரெடியா கீது."